விலங்கு வேடத்தில் அரசியல்: 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கேலிச்சித்திரங்கள் – ஒரு பார்வை

முன்னுரை

மனிதன் மனிதனைப் புகழ விழையும்போதும் விலங்கின் பெயரை நாடுகிறான். இகழ விழையும்போதும் விலங்கின் பெயரையே நாடுகிறான். வீரனைச் சிங்கம் என்கிறோம். சூழ்ச்சி வல்லவனை நரி என்கிறோம். இன்னும் கீழிறங்கி நாய் என்றும் பன்றி என்றும் ஏசவும் தயங்குவதில்லை. உவமை என்னும் அணி எத்துணைப் பழமையானதோ, அத்துணைப் பழமையானது இப்பழக்கம். எனினும் இவ்வுவமையை யார் கையாள்கிறார், யாரை நோக்கிக் கையாள்கிறார் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது.

இவ்வினாவிற்கு விடை காண ஏற்ற களமாக அமைவது 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் வெளிவந்த அரசியல் கேலிச்சித்திரங்கள். அரசரும் அமைச்சரும், நட்பு நாடும் பகை நாடும், ஏன், பொதுமக்களுங்கூட அங்கே விலங்கு வேடம் பூண்டு உலவுகின்றனர். அவ்வேடம் சில வேளைகளில் எளியோரின் கேடயமாக இருந்தது. சில வேளைகளில் வலியோரின் சாட்டையாக இருந்தது. இவ்விரு நிலைகளையும் சில சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செப்புத் தகடும் கடைச் சாளரமும்

இக்கலை தழைத்தமைக்குரிய சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் நூல்களை அச்சிடுமுன் அரசின் இசைவு பெற வேண்டும் என்னும் சட்டம் 1695இல் காலாவதியாயிற்று. 1737இல் நாடக மேடைக்கு முன்தணிக்கை விதிக்கப்பெற்றபோதும், படங்களுக்கு அத்தகைய தளை இடப்பெறவில்லை. இதற்கிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1735இல், ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் முயற்சியால் செதுக்கோவியங்களுக்கு 14 ஆண்டுக் காப்புரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. தணிக்கை இன்மையும் உரிமைக் காப்பும் ஒருங்கே அமைந்ததால் ஓவியர் துணிவும் பெற்றனர், வருவாயும் பெற்றனர்.

படம் உருவான முறையும் எளிமையானதே. செப்புத் தகட்டின்மீது மெழுகு கலந்த பூச்சைப் பூசி, கூரிய ஊசியால் அதனைக் கீறி வரைவர். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடங்கள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளங்களில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். இடம் வலமாக மாறிப் பதியும் ஆதலால், எழுத்துகளையும் ஓவியர் தலைமாற்றியே எழுத வேண்டும். பின்னர் கையால் நிறம் தீட்டுவர். நிறம் தீட்டாத படி ஆறு பென்ஸ் அல்லது ஒரு ஷில்லிங்குக்கும், நிறம் தீட்டிய படி ஒன்று அல்லது இரண்டு ஷில்லிங்குக்கும் விற்பனையாயிற்று. 12 பென்ஸ் கொண்டது ஒரு ஷில்லிங். உடலுழைப்பாளர்க்கு இஃது எளிய தொகையன்று.

ஆனால், வாங்க இயலாதவர்க்கும் காண வழி இருந்தது. லண்டனில் ஹன்னா ஹம்ஃப்ரி அம்மையாரின் கடைச் சாளரத்திலும், பிக்கடில்லித் தெருவில் ஃபோர்ஸ் என்பாரின் கடைச் சாளரத்திலும் புதிய படங்கள் ஒட்டப்பெறும். தெருவில் செல்வோர் கூடி நின்று காண்பர். எழுத்தறியாதாரும் படத்தைக் கண்டு பொருள் உணர்ந்தனர். விலங்குருவங்கள் இத்துணை மிகுதியாக இடம்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அமைச்சரின் முகத்தை அறியாதவனும் நரியை அறிவான். அயல்நாட்டுக் கொள்கையை அறியாதவனும் உறங்கும் சிங்கத்தைக் கண்டால் நாட்டின் நிலையை உணர்வான்.

இப்படங்களுள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளவற்றிற்கு 1870 முதல் 1954 வரை அட்டவணை தொகுக்கப்பெற்றது. அதில் இடம்பெற்றவை 17,000க்கும் மேற்பட்டவை என்பதிலிருந்து இக்கலையின் பரப்பினை உணரலாம். அவ்வட்டவணையின் பிற்பகுதித் தொகுதிகளை உருவாக்கியவர் டோரதி ஜார்ஜ் என்னும் பெண் அறிஞர்.

பழிகரப்பு

வசைப்பொருள் கொண்ட அங்கதத்தைத் தொல்காப்பியம் செம்பொருள் அங்கதம் எனவும் பழிகரப்பு அங்கதம் எனவும் இருவகைப்படுத்தும். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது; பழியை மறைத்து வைத்துக் குறிப்பால் உணர்த்துவது பின்னது. நாம் காண எடுத்துக்கொண்ட விலங்குருவச் சித்திரங்கள் பெரும்பாலும் பின்னதன் பாற்படும். மன்னரை மன்னர் என்று எழுதிப் பழிப்பது தண்டனைக்குரிய குற்றம். மன்னரைத் தள்ளிவிடும் குதிரையை வரைந்தால், இன்னார்தாம் மன்னர் என்று வழக்குத் தொடுப்பவரே எடுத்துரைக்க வேண்டிய நெருக்கடி நேரும்.

இவ்வுருவங்கள் எங்கிருந்து வந்தன? மூன்று ஊற்றுகளை நாம் காணலாம். முதலாவது, அரசமரபுச் சின்னங்கள். இங்கிலாந்தின் சின்னத்தில் சிங்கம் உண்டு. 1714இல் ஆட்சிக்கு வந்த ஹனோவர் மரபின் சின்னத்தில் வெள்ளைக் குதிரை உண்டு. இரண்டாவது, விலங்குக் கதைகள். கிரேக்க ஈசாப்பின் கதைகளோடு, இந்தியாவில் தோன்றிய பஞ்சதந்திரக் கதைகளும் ஐரோப்பாவில் வழங்கின. அவை பாரசீகம் வழியாகச் சென்று 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவர்களால் ‘கலீலா வ திம்னா’ என அரபு மொழியில் ஆக்கம் பெற்று, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுள் பரவி, 1570இல் தாமஸ் நார்த் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தன. அரசவைச் சூழ்ச்சிகளைச் சிங்கமும் நரியும் எருதும் கொண்டு விளக்கும் மரபு, நம் மண்ணிலிருந்து அரபு அறிஞர் கை வழியாகவும் மேற்கே சென்றது என்பது நாம் மகிழ்ந்து நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது ஊற்று சொல் விளையாட்டு. 1712இல் ஜான் ஆர்பத்நாட் என்னும் மருத்துவர் எழுதிய அங்கத நூலில் இங்கிலாந்து ‘ஜான் புல்’, அதாவது ஜான் காளை, ஆயிற்று. டச்சு நாடு ‘நிக்கலஸ் தவளை’ ஆயிற்று. பூர்போன் மரபினரான பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி, அம்மரபுப் பெயரின் ஒலியொப்புமையால், ‘லூயி பபூன்’ என்னும் குரங்கானார். ஈர நிலத்தில் வாழ்ந்த டச்சுக்காரரைக் குறித்த தவளை, காலப்போக்கில் தவளை உண்பவர் எனப் பிரெஞ்சுக்காரரையும் ஒட்டிக்கொண்டது. விலங்குருவத்திற்கு நிலைத்த பொருள் இல்லை; வரைபவனின் பகைவன் மாறினால் விலங்கும் இடம்மாறும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

பசுவும் குதிரையும் பாம்பும்

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட காலத்தில் இக்கலை முழுவலிமையோடு வெளிப்பட்டது. 1778 பிப்ரவரியில் நாட்டின் நிலையைக் காட்டுவதாக ஒரு படம் ‘வெஸ்ட்மின்ஸ்டர் மேகசின்’ என்னும் இதழில் வெளிவந்தது. அதில் பிரித்தானிய வணிகம் ஒரு பசுவாக நிற்கிறது. அமெரிக்கன் ஒருவன் அதன் கொம்பை அறுக்கிறான். டச்சுக்காரன் பாலைக் கறக்கிறான். பிரெஞ்சுக்காரனும் ஸ்பானியனும் கிண்ணம் ஏந்தி நிற்கின்றனர். முன்னே பிரித்தானியச் சிங்கம் அயர்ந்து உறங்குகிறது. சிறு நாய் ஒன்று அதன்மேல் சிறுநீர் கழிக்கிறது. அப்போதும் அது விழிக்கவில்லை. தொலைவில் பிலடெல்பியா நகரில் தளபதிகள் மதுப்புட்டிகளின் நடுவே உறங்குகின்றனர். பிரான்சு அமெரிக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டதும் அதே பிப்ரவரித் திங்களில்தான். பாராளுமன்றத்தில் பலமணி நேரம் பேசி விளக்க வேண்டியதை ஒரு பசுவும் ஒரு சிங்கமும் ஒரு நாயும் ஒருநொடியில் விளக்கிவிட்டன.

1779 ஆகஸ்டில் வெளிவந்த மற்றொரு படத்தில் அமெரிக்கா என்னும் குதிரை தன் எசமானனை முதுகிலிருந்து தூக்கி எறிகிறது. விழுபவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் என்பதை யாவரும் உணர்ந்தனர். அவர் கையிலுள்ள சாட்டையின் நுனிகளில் கயிற்றுக்கு மாற்றாக வாளும் கோடரியும் துப்பாக்கி ஈட்டியும் தொங்குகின்றன. குதிரை கெட்டது என்று இப்படம் கூறவில்லை. அதனை இவ்வாறு அடித்தால் வேறென்ன செய்யும் என்று வினவுகிறது. விலங்கின் பக்கம் நின்று சவாரி செய்பவனைக் குற்றம் சாட்டும் இப்பார்வை நாம் போற்றத்தக்கது.

பாம்பின் வரலாறு இன்னும் வியப்புடையது. 1754இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் பிலடெல்பியா இதழில், துண்டு துண்டாக வெட்டுண்ட பாம்பாகக் குடியேற்றங்களைக் காட்டி, ஒன்றுபடாவிடின் சாவு என எச்சரித்தார். 28 ஆண்டுகள் கழிந்து, 1782இல், லண்டன் ஓவியர் ஜேம்ஸ் கில்ரே அமெரிக்காவை முழுமையான பாம்பாகவே வரைந்தார். அதன் ஒரு சுருளில் சரடோகாவில் சரணடைந்த படையும், மற்றொரு சுருளில் யார்க்டவுனில் சரணடைந்த படையும் சிக்கிக் கிடக்கின்றன. மூன்றாவது சுருள் வெறுமையாக உள்ளது. படைத்துறைப் பெருமக்களுக்கு அவ்விடம் வாடகைக்கு விடப்படும் என்ற அறிவிப்பும் காணப்படுகிறது. தம் நாட்டின் தோல்வியைத் தம் நாட்டாரிடமே விற்று அவர்களைச் சிரிக்கச் செய்த துணிவு இது.

பெயரே விலங்கானபோது

தனிமனிதரைத் தாக்கும்போது இக்கலை மேலும் கூர்மையுற்றது. 1763இல் கவிஞர் சார்லஸ் சர்ச்சில் ஹோகார்த்தைக் கடுமையாகச் சாடிக் கவிதை எழுதினார். முதுமையும் நோயும் உற்றிருந்த ஹோகார்த், தம் நாயுடன் தாம் காட்சியளிக்கும் பழைய தற்படத் தகட்டை எடுத்து, அதில் தம் முகத்தை அழித்துவிட்டு, அவ்விடத்தில் கையில் மதுக்குவளையும் தடியும் ஏந்திய கரடியாகச் சர்ச்சிலைச் செதுக்கினார். சர்ச்சில் சமயகுருவாக இருந்தவர் ஆதலின் கரடியின் கழுத்தில் குருமார் அணியும் கிழிந்த பட்டியும் உள்ளது. பகைவனை விலங்காக்கும் பொருட்டுத் தம் உருவத்தையே அழிக்க நேர்ந்தது இங்குச் சிந்திக்கத்தக்கது. மறு ஆண்டிலேயே இருவரும் மறைந்தனர்.

ஓவியர்க்குப் பெருவிருந்தாக அமைந்தவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். ‘ஃபாக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நரி என்பது பொருள். இவர் தந்தை ஹென்றி ஃபாக்ஸும் முன்னரே நரியாக வரையப்பெற்றவர். மகனோ நீண்ட நாள் பகைவரான நார்த் பிரபுவுடன் 1783இல் கூட்டணி கண்டு ஆட்சி அமைத்தபோது, ஓவியர்க்கு வேலை எளிதாயிற்று. 1784 சனவரியில் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த படத்தில் நரிக்கும் வளைக்கரடிக்கும் திருமணம் நிகழ்கிறது. வளைக்கரடி நார்த் பிரபு. கொள்கைப் பொருத்தமற்ற கூட்டணி என்பதை இதனினும் சுருக்கமாக எவ்வாறு கூற இயலும்?

லெடன்ஹால் தெருவில் யானை

ஃபாக்ஸின் ஆட்சி கவிழ்ந்த வரலாற்றில் ஒரு யானைக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தைப் பாராளுமன்றம் அமர்த்தும் ஏழு ஆணையர்களிடம் ஒப்படைக்கும் மசோதாவை ஃபாக்ஸ் கொண்டுவந்தார். கம்பெனியின் கொள்ளையைத் தடுப்பதே நோக்கம் என்றனர் அவர் தரப்பினர். இந்தியச் செல்வத்தையும் பதவிகளையும் தாமே கைப்பற்றும் சூழ்ச்சி என்றனர் எதிர்த்தரப்பினர்.

இந்நிலையில் 1783 டிசம்பர் 5ஆம் நாள் ஜேம்ஸ் சேயர்ஸ் ஒரு படம் வெளியிட்டார். அதில் ஃபாக்ஸ் முகலாயப் பேரரசரைப் போன்று தலைப்பாகை அணிந்து, ‘கார்லோ கான்’ என்னும் பெயருடன், யானைமேல் ஏறி, கம்பெனியின் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவினுள் வெற்றியுலா வருகிறார். யானையின் முகம் நார்த் பிரபுவின் முகம். எட்மண்ட் பர்க் முன்னே கொம்பு ஊதிச் செல்கிறார். கொடியில் மக்களின் மனிதர் என்ற தொடர் அடிக்கப்பெற்று, மன்னர்க்கு மன்னன் எனக் கிரேக்க மொழியில் எழுதப்பெற்றுள்ளது.

கீழவையில் 208க்கு 102 என்ற வாக்குகளால் நிறைவேறிய அம்மசோதா, டிசம்பர் 17ஆம் நாள் மேலவையில் 95க்கு 76 என்ற வாக்குகளால் வீழ்ந்தது. மன்னர் அமைச்சரவையை நீக்கி, 24 வயதே ஆன வில்லியம் பிட் என்பாரைப் பிரதமராக்கினார். மேலவை உறுப்பினர்க்கு மன்னர் விடுத்த எச்சரிக்கையே இவ்வீழ்ச்சிக்கு நேர்க்காரணம். எனினும், பாராளுமன்ற விவாதங்களையும் பத்திரிகைத் தாக்குதல்களையும்விடச் சேயர்ஸின் படங்களே தமக்கு மிகுந்த தீங்கிழைத்தன என்று ஃபாக்ஸ் கூறியதாக எல்டன் பிரபு பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். சேயர்ஸுக்குப் பிட் அரசு ஒரு பதவியையும் வழங்கியது.

1786இல் கில்ரே வரைந்த படத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் செல்வ மூட்டைகளோடு ஒட்டகத்தின்மேல் வருகிறார். பர்க்கும் ஃபாக்ஸும் நார்த்தும் வழிப்பறிக்காரர்போல் அவரைத் தாக்குகின்றனர். இவ்விரு படங்களையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டும் இந்தியாவைப் பற்றியவை. ஆனால் இந்தியர் இரண்டிலும் இல்லை. யானையும் ஒட்டகமுமே இந்தியாவின் சார்பாளர். அவையும் ஆங்கிலேயரைச் சுமப்பதற்கு மட்டுமே வந்தவை. 1788இல் ஹேஸ்டிங்ஸ்மீதான குற்ற விசாரணை தொடங்கியபோது கில்ரே வரைந்த வேறொரு படத்தில் இந்தியர் இடம்பெற்றனர். ஹேஸ்டிங்ஸ் கடக்கும் செந்நீர்க் கடலில் மிதக்கும் பிணங்களாக இடம்பெற்றனர்.

பன்றிகளின் மறுமொழி

இதுவரை கண்டவற்றுள் பெரும்பாலானவை அதிகாரத்தில் இருப்போரை நோக்கி எய்த அம்புகள். அம்பு கீழ்நோக்கியும் பாயும் என்பதை 1790ஆம் ஆண்டு காட்டியது. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலில் பர்க், கல்வி என்பது பன்றியொத்த திரளின் குளம்படியில் மிதிபடும் என்னும் கருத்துப்பட எழுதினார். இந்தியர்க்காகப் பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடிய அதே பர்க்தாம் தம் நாட்டு எளியோரை இவ்வாறு சுட்டினார் என்பது வரலாற்றின் முரண்.

பல சமுதாயங்களில் பன்றி என்பது இழிசொல்லே. ஆயின் அவ்வெளியோர் வெட்கித் தலைகுனியவில்லை. வைத சொல்லையே கொடியாக உயர்த்தினர். தாமஸ் ஸ்பென்ஸ் என்னும் சீர்திருத்தவாதி 1793 முதல் 1795 வரை ‘பன்றியின் உணவு’ என்ற பெயரில் ஒரு பென்னி விலையில் வார ஏடு நடத்தினார். எளியோர்க்கு உரிமை பற்றிய எழுத்துகளை அதில் தொகுத்து வழங்கினார். பன்றியொன்று அரச, சமயச் சின்னங்களை மிதிப்பது போன்ற உருவம் பொறித்த செப்பு வில்லைகளையும் வெளியிட்டார்.

டேனியல் ஐசக் ஈட்டன் என்னும் பதிப்பாளரின் வழக்கு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஜான் தெல்வால் ஒரு கூட்டத்தில் கூறிய கதையொன்றை அவர் 1793இல் அச்சிட்டார். பண்ணை முற்றத்தில் கொடுங்கோல் செலுத்திய சேவல் ஒன்று தலை துண்டிக்கப்பட்டது என்பதே கதை. பிரெஞ்சு மன்னரின் தலை துண்டிக்கப்பெற்ற ஆண்டும் அதுவே. சேவல் என்பது மூன்றாம் ஜார்ஜ் மன்னரையே குறிக்கும் என்று அரசு வழக்குத் தொடுத்தது. கொடுங்கோல் சேவலைக் கண்டதும் நம் மன்னரை நினைத்தவர் ஆசிரியர் அல்லர், வழக்குத் தொடுத்தவரே என்று எதிர்வாதம் எழுந்தது. 1794 பிப்ரவரியில் நடுவர் குழு ஈட்டனைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அவதூறு வழக்குகளில் முழுப்பொருளையும் ஆய்ந்து முடிவு கூறும் உரிமையை நடுவர்க்கு அளித்தது 1792ஆம் ஆண்டுச் சட்டம். அதனைக் கொண்டுவந்தவர், நரியாக வரையப்பெற்ற அதே ஃபாக்ஸ். விடுதலை பெற்ற ஈட்டன் தம் கடைக்குச் ‘சேவலும் பன்றியும்’ எனப் பெயர் சூட்டினார். பழிகரப்பின் ஆற்றல் வழக்குமன்றத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

1795இல் கில்ரே வரைந்த படம் இப்பன்றிகளைச் செப்புத் தகட்டிலும் ஏற்றியது. அதில் பிரதமர் பிட் சாவின் உருவெடுத்து, ஹனோவரின் வெள்ளைக் குதிரைமேல் பாய்ந்து வருகிறார். அதன் குளம்படியில் பன்றிகள் மிதிபடுகின்றன. பன்றியின் குளம்பைக் கண்டு அஞ்சினார் பர்க். மிதிப்பது யாருடைய குளம்பு என்று வினவியது அப்படம்.

உதவித்தொகை பெற்ற ஊசி

இத்துணைத் துணிவுடைய கில்ரேயின் ஊசியும் ஒருநாள் திசைமாறியது. 1797 முதல் ஜார்ஜ் கானிங் என்னும் அரசியல்வாதியின் முயற்சியால் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அவருக்கு மறைவாக வழங்கப்பெற்றது. 1798 ஆகஸ்டில், அரசின் பக்கம் நின்ற இதழொன்றுக்கு அவர் வரைந்த பெரும்படத்தில் சீர்திருத்தம் நாடிய எழுத்தாளர் கூட்டம் விலங்குக் கூட்டமாகியது. கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதேயும் கழுதைத் தலையினராயினர்; அரசியல் நீதி பற்றி நூல் எழுதிய காட்வின் கழுதையானார்; சார்லஸ் லாம்பும் அவர் நண்பர் லாய்டும் தேரையும் தவளையுமாயினர். நம் மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரைப் பாடங்களில் கண்டு மகிழும் அதே லாம்ப்தாம். அவர் அப்போது 23 வயது இளைஞர். எந்த அதிகாரமும் அற்றவர். மன்னரையும் பிரதமரையும் நோக்கி எழுந்த அதே கையின் திறமை இங்கும் குறையவில்லை. குறைந்தது அதன் அறம். கலைஞனின் திறமை வேறு, அவன் நிற்கும் இடம் வேறு என்பதை இப்படம் நமக்கு உணர்த்துகிறது.

புலியும் சிங்கமும்

இறுதியாக, நமக்கு நெருங்கிய ஒரு செய்தியைக் காண்போம். 1791 மே திங்களில் கார்ன்வாலிஸ் பிரபு மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தலைநகரமான ஸ்ரீரங்கப்பட்டினத்தின் அருகுவரை படை நடத்தினார். மழையும் பசியும் நோயும் வாட்டின; பீரங்கி இழுத்த காளைகள் மடிந்தன. முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் படை பின்வாங்கியது. செய்தி லண்டனை எட்டியபின், அவ்வாண்டு டிசம்பரில், கில்ரே ‘பருவமழையின் வருகை’ என்னும் பெயரில் ஒரு படம் வரைந்தார். கோட்டை மதில்மேல் நிற்கும் திப்பு, ஓடும் ஆங்கிலப் படையை நாகரிகம் கருதி நாம் விரித்துரைக்கத் தயங்கும் வகையில் அவமதிக்கிறார். இங்குத் திப்பு விலங்காகவில்லை, மனிதராகவே நிற்கிறார். நகைப்புக்குரியவர் கார்ன்வாலிஸே.

திப்புவோ தமக்குரிய விலங்கைத் தாமே தேர்ந்துகொண்டவர். அரியணையிலும் வாளிலும் துப்பாக்கியிலும் படைவீரர் உடையிலும் புலியையும் புலிவரிகளையும் பொறித்தார். அல்லாஹ்வின் சிங்கமே வெல்பவர் என்று பொருள்படும் அரபுத் தொடரைப் புலிமுகத்தின் வடிவில் அமைத்தும் எழுதச் செய்தார். அல்லாஹ்வின் சிங்கம் என்பது ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர். திப்புவின் தந்தையார் பெயரில் அமைந்த ‘ஹைதர்’ என்னும் சொல்லுக்கும் சிங்கம் என்பதே பொருள். ஐரோப்பியன் ஒருவனைப் புலி கவ்வுவது போன்ற மரப்பொறி ஒன்றும் அவர் அரண்மனையில் இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் உறுமலும் ஓலமும் எழும்.

1799இல் வேலூரிலிருந்து புறப்பட்ட மதராஸ் படை, மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றியது. திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். அவருடைய மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பெற்றனர். வெற்றியின் நினைவாகக் கம்பெனி வெளியிட்ட பதக்கம் 1808இல் படையினர்க்கு வழங்கப்பெற்றது. அதில் பிரித்தானியச் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. மேலே விளங்கும் கொடியில் அதே அரபுத் தொடர் பொறிக்கப்பெற்றுள்ளது! அல்லாஹ்வின் சிங்கத்தைக் குறித்த புகழுரையை ஆங்கிலேயர் தம் சிங்கத்திற்கு உரியதாக்கிக்கொண்டனர். கோட்டையை மட்டுமன்று, வீழ்ந்தவரின் உருவகத்தையும் வேதச்சாயல் கொண்ட அவர் மொழித்தொடரையும் அவர்கள் கைப்பற்றினர் எனலாம்.

மரப்புலியும் லண்டன் சென்றது. 1808 முதல் அது கம்பெனியின் தலைமையகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. அத்தலைமையகம் இருந்தது லெடன்ஹால் தெருவில். 25 ஆண்டுகளுக்கு முன் சேயர்ஸின் தாள் யானை நுழைந்த அதே தெருவினுள் திப்புவின் மெய்யான மரப்புலி நுழைந்தது. ஆங்கிலேயனைக் கவ்விய வாயை அது விடவில்லை. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அப்புலியைக் காண்போர், பதக்கத்தில் வீழ்ந்த புலியை நினைப்பதில்லை. கவ்வி நிற்கும் புலியையே நினைவில் கொண்டு செல்கின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், விலங்குருவம் என்பது வெறும் நகைச்சுவை உத்தி அன்று என்பது தெளிவாகும். சட்டத்தின் பிடியிலிருந்து தப்பவும், எழுத்தறியாதார்க்கு அரசியலைப் புகட்டவும் அது பயன்பட்டது. சாட்டை ஏந்திய மன்னரைக் குதிரை தள்ளியபோதும், உறங்கும் சிங்கத்தைச் சிறுநாய் அவமதித்தபோதும் அது மக்களின் நாவாக ஒலித்தது. எளியோரைப் பன்றி எனவும் இளங்கவிஞரைத் தேரை எனவும் சுட்டியபோது அதே உத்தி மனித மாண்பைக் குலைத்தது. இந்தியாவை யானையாகவும் ஒட்டகமாகவும் மட்டுமே கண்டபோது, அந்நாட்டு மக்களின் துயரைக் காணாமல் மறைத்தது.

ஆகவே, ஒரு கேலிச்சித்திரத்தைக் காணும்போது வரையப்பெற்ற விலங்கு எது என்று மட்டும் நோக்கி அமைதல் போதாது. வரைந்தவர் எங்கே நிற்கிறார், வரையப்பெற்றவர் எங்கே நிற்கிறார், யார் கையில் சாட்டை உள்ளது, யார் முதுகில் அது விழுகிறது என்றும் நோக்குதல் வேண்டும். மேலிருப்பவரை நோக்கிச் சிரிப்பது துணிவு. கீழிருப்பவரை நோக்கிச் சிரிப்பது கொடுமை. ‘நரி’, ‘பன்றி’ என்னும் சொற்கள் நாள்தோறும் நம் காதில் விழும் காலம் இது. மேடையிலும் ஏட்டிலும் அவற்றைக் கேட்கும் நம் மாணவர்கள், சிரிப்பதற்கு முன் ஒருகணம் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பார்களாயின், இலக்கியத் திறனாய்வு கற்றதன் பயன் அதுவேயாகும்.